பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு முன்னால் பேசி என் கருத்துகளில் பாதியைத் தின்றுவிட்ட எங்கள் அணித் தலைவருக்கு வணக்கம். எனக்குப் பின்னால் எழுந்து என்னையே தின்னக் காத்திருக்கும் எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டில் பஜ்ஜி போடுகிற நேரத்தில், அமெரிக்கச் சித்திரக்கதையில் வருகிற ஒரு திருடிக்கும் ஒரு முகமூடிக்காரனுக்கும் ஏன் கல்யாணம் கூடிவரவில்லை என்று கவலைப்பட வந்திருக்கும் உங்களுக்குத் தனி வணக்கம். சொந்தத் தங்கைக்கு வரன் பார்க்க இவ்வளவு பேர் வந்திருக்க மாட்டீர்கள்.

தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். எதிரணி அக்கா பேசிய வேகத்தில் அது எங்கோ பறந்துவிட்டது. பேட்மேன், கேட்வுமன் காதலுக்குக் குறுக்கே நிற்பது அவளுடைய திருட்டா, அவனுடைய முகமூடியா? திருட்டே என்கிறார்கள் அவர்கள். முகமூடியே என்கிறோம் நாங்கள்.

அக்கா என்ன சொன்னார்? "கை சுத்தமில்லாதவளை எந்த நல்லவன் கட்டிக்கொள்வான்? அவன் ஊருக்குக் காவல்காரன், அவள் ஊரைக் கொள்ளையடிப்பவள், எப்படி ஒட்டும்?" கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், நன்றாகப் பேசினார். ஆனால் அந்தக் காவல்காரனுடைய யோக்கியதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

1940. பேட்மேன் தனி இதழாக வந்த முதல் புத்தகம். ஜோக்கர் பிறந்ததும் அதே புத்தகத்தில்தான், கேட்வுமன் பிறந்ததும் அதே புத்தகத்தில்தான். அப்போது அவளுக்குக் கேட்வுமன் என்ற பெயர்கூட இல்லை, வெறும் 'கேட்'. உருவாக்கியவர்கள் எழுத்தாளர் பில் ஃபிங்கரும் ஓவியர் பாப் கேனும். (இதில் ஃபிங்கருடைய பெயர் பேட்மேனை உருவாக்கியவர் வரிசையில் அதிகாரபூர்வமாக வரத் தொடங்கியது 2015இல்தான். மனிதர் இறந்தது 1974. முகமூடி போட்டவனுக்குப் பின்னால் முகமே இல்லாமல் ஒருவர் இருந்திருக்கிறார். அது வேறு பட்டிமன்றம்.)

கதை என்ன? பணக்காரர்கள் கூடிய ஒரு உல்லாசக் கப்பல். மரகத மாலை காணாமல் போகிறது. காலில் கட்டுப் போட்ட ஒரு பாட்டி. அந்தக் கட்டுக்குள்தான் மாலை. பேட்மேன் பாட்டியைப் பிடித்து முகத்துச் சாயத்தைத் துடைக்கிறான். உள்ளே இளம்பெண். சரி, பிடித்தாயிற்று. கரைக்குப் போகிற வழியில் அவள் தண்ணீரில் குதிக்கிறாள். பின்னாலேயே பாய்ந்து பிடிக்கப் போன அவனுடைய உதவியாளன், சின்னப் பையன் ராபின் மேல் இந்தப் பெரிய மனிதன் 'தெரியாமல்' இடித்துக்கொள்கிறான். அவள் தப்பிவிடுகிறாள். ராபின் முறைக்கிறான். இவனோ, என்ன அழகான கண்கள் என்று பெருமூச்சு விடுகிறான். இதில் கூடுதல் செய்தி, இவனுக்கு அப்போது ஜூலி என்ற பெண்ணோடு நிச்சயமாகியிருக்கிறது. அதுவும் பெருமூச்சுக்கு நடுவில்தான் ஞாபகம் வருகிறது.

நடுவர் அவர்களே, நம் ஊரில் இதற்குப் பழமொழியே இருக்கிறது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். கோதம் நகரத்துப் பாலுக்கு இவன் காவல். பூனைக்கு முதல் நாளே தோழன். திருட்டு அவனுக்கு அவ்வளவு பெரிய தடையாக இருந்திருந்தால், அன்றைக்கே விலங்கு மாட்டிக் கதையை முடித்திருக்கலாம். கண்கள் செய்கிற களவு காமத்தில் பாதிக்கும் மேல் என்று வள்ளுவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். முதல் சந்திப்பிலேயே இரண்டு திருட்டு நடந்திருக்கிறது, எதிரணி மாலையை மட்டும் எண்ணுகிறது.

அதே சந்திப்பில் இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் கவனிப்பதில்லை. அவளுடைய வேஷத்தை அவன் தன் கையால் துடைத்தான். அவன் முகமூடியை அவளால் தொடக்கூட முடியவில்லை. அவள் முகம் அவனுக்குத் தெரியும். அவன் முகம் அவளுக்குத் தெரியாது. ஒரு பக்கம் விளக்கு, ஒரு பக்கம் இருட்டு. இந்தக் காதல் தொடங்கியதே இப்படித்தான்.

எதிரணி இளைஞர் ஒருவர் களவு என்ற சொல்லை வைத்து விளையாடினார். "களவு செய்கிறவளுக்குக் கற்பு எப்படி வரும்" என்று கேட்டார். தம்பி, தமிழ் இலக்கணத்தில் களவுக்கு அடுத்துத்தான் கற்பே வருகிறது! ஊருக்குத் தெரியாமல் காதலித்தால் களவு, ஊரறிய மணந்தால் கற்பு. தலைவன் ராத்திரியில் வந்து சந்தித்தால் இரவுக்குறி. மொட்டைமாடியில், நடுராத்திரியில், இவர்கள் இரண்டு பேரும் சந்திப்பது அசல் இரவுக்குறி. ஒரே ஒரு வித்தியாசம். நம் தலைவன் ஊரிடம் மறைப்பான், அவளுடைய தாயிடம் மறைப்பான், தலைவியிடம் முகத்தை மறைக்க மாட்டான். முகத்தை மூடிக்கொண்டு இரவுக்குறிக்கு வந்த தலைவனை எந்தத் திணையிலும் நான் பார்த்ததில்லை. இன்னொரு குறையும் உண்டு: "எப்போதய்யா கல்யாணம்" என்று கேட்டு வரைவு கடாவ அவளுக்கு ஒரு நல்ல தோழி வாய்க்கவில்லை. வாய்த்த தோழி என்ன செய்தாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது என் முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். ஒரு சோதனை செய்து பார்ப்போம். தடை திருட்டுத்தான் என்றால், திருட்டை எடுத்துவிட்டால் காதல் கைகூட வேண்டும் அல்லவா? அந்தச் சோதனையைக் கதைக்காரர்களே செய்து பார்த்துவிட்டார்கள்.

1950 முடிந்து 1951 பிறக்கிற நேரத்தில் வந்த இதழ். இடிந்து விழும் கட்டடத்திலிருந்து பேட்மேனைக் காப்பாற்றப் போய் கேட்வுமன் தலையில் அடிபடுகிறது. கண் விழித்தால், பழைய ஞாபகம் திரும்புகிறது: தான் செலீனா கைல் என்ற விமானப் பணிப்பெண், ஒரு விபத்தில் நினைவு தவறியதால் திருடியாகத் திரிந்திருக்கிறோம் என்கிறாள். செலீனா கைல் என்ற பெயரே நமக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. திருட்டை விடுகிறாள். போலீசுக்கு உதவுகிறாள். அப்புறம் என்ன செய்கிறாள் தெரியுமா? வளர்ப்புப் பிராணிகள் விற்கிற கடை வைக்கிறாள்!

கற்பனை செய்து பாருங்கள். ஒரு காலத்தில் நகரத்தையே நடுங்கவைத்தவள், காலையில் எழுந்து, கடைக் கதவைத் திறந்து, கிளிக்குத் தண்ணீர் வைத்து, பூனைக்குட்டிக்குப் பால் ஊற்றி, வருகிறவர்களுக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கிறாள். பழைய உடை பெட்டியில். சுமார் மூன்று வருடம், நடுவர் அவர்களே! மூன்று வருடம் அவள் கை சுத்தம். எதிரணி கேட்ட நிபந்தனை நிறைவேறிவிட்டது. பெண் கேட்டு வந்தானா அந்த உத்தமன்? ஒரு தட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம்? வேண்டாம், கடைக்கு வந்து ஒரு மீன்தொட்டியாவது வாங்கினானா? முகமூடியோடு வருவான். உதவி கேட்பான். "செலீனா, நீ நல்ல பெண்" என்கிற மாதிரிப் பேசுவான். போய்விடுவான். இவளுக்கு இன்னமும் அவன் பெயர்கூடத் தெரியாது.

1954 ஜனவரி இதழில் அவள் மறுபடி சாட்டையை எடுத்தாள். அவளுடைய பழைய தோல்விகளைச் செய்தித்தாளில் போட்டுக் கேலி செய்தார்கள் என்பது கதையில் சொல்லும் காரணம். நான் வாசகனாகச் சொல்கிறேன், கேலி பொறுக்காமல் போனாள் என்பது பாதிதான். திருந்தியவளுக்குக் கிடைத்தது என்ன? மரியாதை கிடைத்தது. முகம் கிடைக்கவில்லை.

எதிரணியில் ஒருவர் இப்போது குறிப்பு எடுக்கிறார். "அந்த ஞாபகமறதிக் கதையே பொய், பின்னால் அவளே ஒப்புக்கொண்டாளே" என்று சொல்லப்போகிறார். ஆமாம் அண்ணே, ஒப்புக்கொண்டாள். 1983இல் வந்த கதை அது. அதை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி, ஏனென்றால் அது எங்கள் சாட்சி.

இந்தக் கதைக்காரர்கள் 'இரண்டாம் பூமி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய கதைகளெல்லாம் நடந்த உலகம் அது. அங்கே பேட்மேனுக்கு வயதாகும், தலை நரைக்கும். அந்த உலகத்தில் ஒரு நாள் வில்லன் ஒருவன் பயத்தை ஊட்டும் மருந்தால் அவனைத் தாக்குகிறான். யாரையெல்லாம் நேசிக்கிறானோ அவர்கள் ஒவ்வொருவராக அவன் கண்ணுக்கு மறைந்துபோகிறார்கள். ஊரே பயப்படுகிற மனிதனுடைய உள்பயம் என்ன என்றால், தனியாகிவிடுவது. அந்த நிலையில் அவன் துணை தேடிப் போன ஆள், செலீனா. ஞாபகமறதி என்று சொன்னது பொய் என்று அவள் அந்தக் கதையில்தான் அவனிடம் சொல்கிறாள். கொடுமைக்காரக் கணவன், அவன் பெட்டகத்தில் பூட்டி வைத்த தன் நகைகளைத் தானே திருடியதுதான் முதல் திருட்டு என்கிறாள். அவனும் முகமூடியைக் கழற்றுகிறான். அடுத்து என்ன? கல்யாணம்! கவனியுங்கள், அவள் அப்போது திருடியாக இருந்தவள்தான், பொய் சொன்னவள்தான். எல்லாம் இருந்தது. முகமூடி மட்டும் இல்லை. ஹெலீனா என்று ஒரு மகளும் பிறந்தாள்.

இந்த இடத்தில் எதிரணிக்கு ஒரு மதிப்பெண்ணை நானே கொடுத்துவிடுகிறேன், நடுவருக்கு வேலை குறையும். அந்தச் செலீனா இறந்தது பழைய திருட்டு வாழ்க்கையால்தான். 1977இல் வந்த கதையில், பழைய கூட்டாளி ஒருவன் பழைய குற்றத்தைச் சொல்லி மிரட்டி, மறுபடி ஒரே ஒரு முறை என்று அவளைக் கேட்வுமன் உடையை மாட்ட வைக்கிறான். அந்த ராத்திரி அவள் கணவன் கண்ணெதிரிலேயே சாகிறாள். மகள் ஹன்ட்ரஸ் என்று முகமூடி போட்டு அந்தக் கூட்டாளியைப் பிடிக்கிறாள். அந்தக் கதையை இன்றும் என்னால் சாதாரணமாகப் படிக்க முடியாது. ஆனால், நடுவர் அவர்களே, தலைப்பு காதலுக்குக் குறுக்கே நின்றது எது என்பது. கல்யாணமாகி, பெண் பிள்ளை பிறந்து, அது வளர்ந்து வக்கீலாகும் வரை அந்தக் குடும்பம் நடந்திருக்கிறது. திருட்டு அவள் உயிரை எடுத்தது, உண்மை. காதலை எடுக்கவில்லை.

கொஞ்சம் வேகமாகப் போகிறேன். 1966இல் தொலைக்காட்சித் தொடர். கேட்வுமனாக நடித்த ஜூலி நியூமர் பேட்மேனைக் கொஞ்சியே கொல்லப் பார்த்தார். அதே வருடம் வந்த படத்தில் லீ மெரிவெதர், கிட்கா என்ற ரஷ்யப் பத்திரிகையாளராக வேஷம் போட்டு புரூஸ் வெயினையே, அதாவது முகமூடி இல்லாத பேட்மேனையே, மயக்கிவிட்டார். கடைசியில் அவள் முகமூடி விழுந்து, இவளா அவள் என்று தெரிந்ததும் இவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். 1967இல் எர்தா கிட் வந்தார். கறுப்பினப் பெண். நியூமர் காலத்துக் கொஞ்சலெல்லாம் அப்போது காணோம். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணப்பதைத் தடுத்த மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதே அந்த வருடம் ஜூன் மாதத்தில்தான். அங்கே குறுக்கே நின்றது திருட்டும் இல்லை, முகமூடியும் இல்லை. இரண்டு அணிக்கும் அந்த வழக்கு தள்ளுபடி. ஆனால் எர்தா கிட் குரலில் வந்த அந்தப் பூனை உறுமலுக்கு ஈடு இதுவரை யாரும் இல்லை, இது என் சொந்தத் தீர்ப்பு.

இன்னொன்றைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. திருட்டு, திருட்டு என்கிறீர்களே, யார் வீட்டுப் பிள்ளை யார்? 1987இல் வந்த கதை செலீனாவைக் கோதமின் ஏழைப் பகுதியில் வைத்தது. உடலை விற்றுப் பிழைக்கிற தெரு. கூடவே ஹாலி என்ற ஒரு சிறுமி. இவனோ மாளிகை வாரிசு, சமையலுக்கும் காயத்துக்குத் தையல் போடவும் ஆல்ஃபிரட் என்ற வேலைக்காரர். இருவரும் ராத்திரியில் கறுப்பு உடை போட்டு, கூரை மேல் ஓடி, அனுமதி இல்லாமல் ஜன்னல் வழியாக அடுத்தவர் கட்டடத்தில் நுழைகிறார்கள். பணக்காரப் பிள்ளை நுழைந்தால் நீதி. ஏழைப் பெண் நுழைந்தால் களவு. இவன் அடித்து உடைத்த எலும்புகளுக்கு எந்த நீதிமன்றம் உத்தரவு கொடுத்தது? சட்டப்படி பார்த்தால் இரண்டு பேரும் ஒரே லாக்கப்பில்தான் உட்கார வேண்டும். அப்படி உட்கார வைத்திருந்தால் கல்யாணமாவது நடந்திருக்கும்.

இனி 1992. இதை மட்டும் நான் நிதானமாகச் சொல்லப் போகிறேன், நடுவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டிம் பர்ட்டன் படம். செலீனாவாக மிஷெல் ஃபைஃபர். அந்தப் படத்தில் அவள் திருடியே இல்லை! முதலாளிக்குக் காபி கொண்டுபோகிற காரியதரிசி. தெரியக்கூடாத ஒன்று தெரிந்துவிட்டதால் முதலாளி ஷ்ரெக் அவளை மாடி ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான். பிழைத்து வீட்டுக்கு வந்தவள் கறுப்புக் கோட்டைக் கிழித்து, கையால் தைத்து, அந்த உடையைப் பண்ணிக்கொள்கிறாள். தையல் அத்தனையும் வெளியில் தெரியும். படம் போகப் போக உடை கிழிந்துகொண்டே வரும். அவள் உள்ளே எப்படி இருக்கிறாள் என்பதற்கு வசனமே வேண்டாம், தையலைப் பார்த்தால் போதும்.

ராத்திரியில் இரண்டு முகமூடிகளும் கூரை மேல் அடித்துக்கொள்கின்றன. முகமூடி இல்லாத நேரத்தில் புரூசும் செலீனாவும் சோபாவில் உட்கார்ந்து முத்தமிடுகிறார்கள், உள்ளே இருக்கிற காயங்களை மறைத்துக்கொண்டு. ஒருவருக்கு ஒருவர் போட்ட காயம்! இவளுக்கு அவன் யாரென்று தெரியாது, அவனுக்கு இவள் யாரென்று தெரியாது. அப்புறம் அந்த மாறுவேட விருந்து. ஊரே முகமூடி போட்டு வந்திருக்கிறது. இரண்டே பேர்தான் வெறும் முகத்தோடு வந்திருக்கிறார்கள். அதாவது, அவர்களுக்கு அவர்கள் முகம்தான் மாறுவேடம். ஆடிக்கொண்டே பேசுகிறார்கள். கூரையில் சண்டைக்கு நடுவில் சொல்லிக்கொண்ட, முத்தத்தையும் விஷத்தையும் பற்றிய ஒரு பேச்சு, வாய் தவறி மறுபடி வருகிறது. அவ்வளவுதான். இருவர் கண்ணிலும் தெரிந்துவிடுகிறது. அந்த நொடியில் அவள் கேட்பது என்ன? இனி நாம் சண்டை போட்டாக வேண்டுமா என்று அழாத குறையாகக் கேட்கிறாள். திருடியவள் கேட்கிற கேள்வியா இது? இரண்டு முகமூடிகளுக்கு நடுவில் சிக்கிய பெண் கேட்கிற கேள்வி.

எதிரணித் தலைவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். காரணம் எனக்குத் தெரியும். "கடைசிக் காட்சியில் அவன் முகமூடியைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தானே அவளை அழைத்தான்? அப்படியும் அவள் வரவில்லையே?" இது நல்ல கேள்வி. எங்கள் அணி அறையில் இதற்காகவே அரைமணி நேரம் சண்டை நடந்தது.

அந்தக் காட்சியில் அவன் தன் முகமூடியைப் பிய்த்து எறிகிறான், ஷ்ரெக் முன்னாலேயே. ஷ்ரெக் புரூஸைப் பார்த்து, நீ ஏன் பேட்மேன் வேஷம் போட்டிருக்கிறாய் என்று கேட்பான், அவ்வளவு புத்திசாலி. நாம் இருவரும் ஒன்று, நடுவில் பிளந்தவர்கள், வீட்டுக்குப் போகலாம் வா என்று புரூஸ் அழைக்கிறான். அவள் என்ன சொல்கிறாள்? உன் மாளிகையில் உன்னோடு என்றைக்கும் இருந்துவிட முடியும், என்னோடுதான் என்னால் இருக்க முடியாது என்கிறாள். நான் திருடி, உனக்கு ஏற்றவள் இல்லை என்று அவள் சொல்லவில்லை. நடுவர் அவர்களே, முகமூடி என்று நாங்கள் சொல்வது அவன் முகத்துத் துணியை மட்டும் இல்லை. அந்தத் துணியை அவள் முகத்திலும் ஒட்டவைத்தது அவனோடு சண்டை போட்ட ராத்திரிகள்தான். இவன் பிய்த்து எறிய ஒரு நொடி போதும். தனக்குத் தானே தைத்துக்கொண்டவளுக்குத் தையலோடு தோலும் வரும். வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் நீயும் தொங்கு, நானும் தொங்கு என்பார்களே, அப்படித் தலைகீழாகத் தொங்கிப் பழகிவிட்டாள். இறங்கி வா என்றால் எந்தப் பக்கம் தரை?

இந்தப் பதில் உங்களுக்கு முழுதாக ஒப்பவில்லை என்றால், சரி. எனக்கே தொண்ணூறு சதவீதம்தான் ஒப்புகிறது. ஆனால் அந்த மீதிப் பத்தும் திருட்டுக்குப் போகாது.

அடுத்தது நம்பிக்கை. "திருடியை எப்படி நம்புவது" என்று அக்கா மூன்று முறை கேட்டார். 2002, 2003இல் வந்த 'ஹஷ்' கதையைப் பாருங்கள். அங்கே அவன் தானாகவே முகமூடியைக் கழற்றி அவளுக்குத் தன்னைக் காட்டுகிறான். 1940இல் அவள் வேஷத்தைத் துடைத்தவன்! (இடையில் வேறு கதைகளில் அவளுக்குத் தெரிந்ததும் உண்டு. அவர்கள் பத்து வருடத்துக்கு ஒரு முறை பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறவர்கள், நாம் என்ன செய்ய.) அவள் அவனுக்காகச் சண்டை போடுகிறாள், அவன் ரகசியத்தைக் காக்கிறாள். கடைசியில் பேசிக்கொண்டிருக்கும்போது அவனை அமைதிப்படுத்த "உஷ்" என்கிறாள். நம் வீட்டில் அம்மா குழந்தையைத் தூங்கவைக்கும்போது சொல்கிற அதே உஷ். ஆங்கிலத்தில் அது 'ஹஷ்', அந்தக் கதையின் வில்லன் பெயரும் அதுவே. சட்டென்று கையைப் பிடித்து, அந்தச் சொல்லை ஏன் சொன்னாய் என்கிறான்! இந்தக் காதலையே எவனாவது சூழ்ச்சியால் உண்டாக்கியிருப்பானோ என்ற சந்தேகம் அவனுக்கு. அன்றைக்கு அவள் எதையும் திருடவில்லை. முகத்திலிருந்து துணியைக் கழற்றினான், மூளையிலிருந்து கழற்றவில்லை.

2012 படத்தில் அவனைப் பேன் என்ற அரக்கனிடம் கொண்டுபோய் மாட்டிவிட்டது அவள்தான் என்று தம்பி சொன்னார். உண்மை. முதுகெலும்பு போயிற்று. ஆனால் திரும்பி வந்தவன் என்ன செய்தான்? அவளுடைய பழைய பதிவுகளை எல்லாம் அழித்துத் தரும் மென்பொருளை அவள் கையில் கொடுத்தான். திருட்டுக்கு அவன் போட்ட விலை அவ்வளவுதான், ஒரு பொத்தான். வண்டியையும் கொடுத்தான், ஊரைவிட்டு ஓடலாம் என்றான். ஓட வழி இருந்தும் அவள் திரும்பி வந்து பேனைச் சுட்டுத்தள்ளி இவன் உயிரைக் காப்பாற்றினாள். படம் முடியும்போது ஊர் பேட்மேனுக்குச் சிலை வைக்கிறது. பேட்மேன் செத்துவிட்டான், புரூஸ் ஃபிளாரன்ஸ் நகரத்துக் காபிக்கடையில் செலீனாவோடு உட்கார்ந்திருக்கிறான். முகமூடிக்குச் சிலை, முகத்துக்குக் காபி. இதோடு ஒரு சின்னத் தகவல், வெயின் மாளிகைச் சொத்துக் கணக்கில் ஒரு முத்துமாலை மட்டும் குறைகிறது. படத்தின் தொடக்கத்தில் அவள் திருடிய, அவன் அம்மாவின் மாலை. இந்தத் தடவை அவன் புகார் கொடுக்கவில்லை.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடித்துவிட்டார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எண்பது வருடமாகத் தேடுகிறார்கள், ஆள் இங்கே உட்கார்ந்திருக்கிறார். இரண்டே நிமிடம் ஐயா. கல்யாணத்தைப் பார்க்காமல் போக முடியாது.

2017இல் மொட்டைமாடியில் வைத்துக் கேட்டான். மோதிரத்தில் என்ன கல் தெரியுமா? முன்பு அவள் திருடிய வைரம். திருட்டையே தாலியாக்கியவன் அவன்! இதற்குப் பிறகும் திருட்டு தடை என்று எதிரணி சொல்வதற்குத் தைரியம் வேண்டும். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, கல்யாண உடையையே ராத்திரியில் கடை புகுந்துதான் எடுத்தாள். அவன் முகம் சுளிக்கவில்லை. 2018 ஜூலை, ஐம்பதாவது இதழ், மணநாள். மாப்பிள்ளை வந்து நிற்கிறான். பெண் வரவில்லை.

ஏன் வரவில்லை? தோழி என்று சொன்னேனே, அந்த ஹாலி. முகூர்த்தத்துக்கு முன்னால் மணப்பெண்ணிடம், சந்தோஷமாக இருந்தால் பேட்மேன் பேட்மேனாக இருப்பானா என்று கேட்டுவிட்டாள். பின்னால் பேன் இருந்து ஆட்டிவைத்தான் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி செலீனா மனதில் ஒட்டிக்கொண்டது. அவள் எழுதிவைத்த கடிதத்தின் சாரம் இதுதான்: நீ வலியை எடுத்து ஊருக்கு நம்பிக்கையாக மாற்றுகிறவன், நான் உன்னைச் சந்தோஷப்படுத்தினால் அந்த மனிதனைக் கொன்றவளாவேன், ஊரைக் காக்க இருக்கிறவனை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. நடுவர் அவர்களே, வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பொருளைக் கேட்காமல் எடுத்தவள், அவளுக்கே என்று நீட்டிய ஒன்றை மட்டும், அது ஊருக்குச் சொந்தம் என்று வைத்துவிட்டுப் போனாள். அக்கா, இவளையா கை சுத்தமில்லாதவள் என்றீர்கள்? முகமூடிக்குச் சோகம் தீனி. அந்தத் தீனியை நிறுத்தக்கூடாது என்றுதான் அவள் போனாள். 2022 படத்திலும் அதே கதை. ஊரைவிட்டுப் போய்விடலாம் வா என்று அவள் அழைக்கிறாள், இவன் நிற்கிறான், உனக்குத்தான் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே என்று நகரத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்புகிறாள்.

(மீண்டும் மணி)

முடித்துவிட்டேன் ஐயா, ஒரே ஒரு தகராறு மட்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இவர்களுக்குள் ஒரு வாக்குவாதம் உண்டு. நாம் முதலில் எங்கே சந்தித்தோம்? கப்பலில் என்பான் அவன். தெருவில் என்பாள் அவள். வாசகர்கள் இதைப் பழைய கதைக்கும் புதிய கதைக்கும் உள்ள முரண் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். கப்பல் என்பது 1940 கதை, தெரு என்பது 1987 கதை.

அந்தக் கப்பலில் அவன் முகமூடி போட்டிருந்தான். அந்தத் தெருவில் அவன் இன்னும் பேட்மேனே ஆகவில்லை. முகத்தில் ஒரு பொய்த் தழும்பு ஒட்டியிருந்தான், அது போகட்டும். தெரு விளக்கு வெளிச்சத்தில், சண்டையில் அடிவாங்கிக்கொண்டு, வெறும் முகத்தோடு நின்ற ஒரு மனிதன். அவனுக்குக் கப்பல்தான் நினைவிருக்கிறது. அவள் அத்தனை வருடமும், அத்தனை மொட்டைமாடியிலும், அந்தத் தெருவையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நன்றி, வணக்கம்.